மரம் வெட்ட எம்புட்டு? விலை சொல்லும் கணக்கு, அடியிலிருந்து

"அண்ணே, வீட்டு வாசல்ல ஒரு வேம்பு நிக்குது. வெட்ட எம்புட்டு ஆகும்?"

போனில் இந்தக் கேள்வி வாரத்துக்கு நாலைந்து தடவை வரும். ஒரே மூச்சில் கேட்பார்கள், பதிலும் ஒரே மூச்சில் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். "வந்து பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்றால், இவன் விலையை ஏற்றத்தான் வருகிறான் என்று பாதிப் பேருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஒத்தக்கடையில் இருந்துகொண்டு பதினெட்டு வருடமாக மதுரையைச் சுற்றி மரம் வெட்டுகிறேன். இந்தத் தொழிலில் விலையைப் பற்றி உலவும் பேச்சில் முக்கால்வாசி தப்பு. சிலர் உயரத்துக்கு அடிக்கணக்கு வைப்பார்கள். சிலர் "நாலு ஆள், ஒரு நாள், வேற என்ன?" என்பார்கள். "மரத்தையே எடுத்துக்க, கூலி எதுக்கு?" என்பவர்களும் உண்டு. புதிதாக மரம் அறுக்கும் செயின் மெஷின் வாங்கிய பையன்கள் இந்தப் பேச்சை நம்பியே விலை சொல்கிறார்கள். வருடம் முழுக்க ஓடியும் கையில் ஏன் காசு நிற்கவில்லை என்று புரியாமலே மெஷினை விற்றவர்களை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். வீட்டுக்காரர்கள் படித்தால், 8,000 சொல்பவருக்கும் 26,000 சொல்பவருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இதில் வரும் ரூபாய் எல்லாம் கணக்கைக் காட்டுவதற்காக நான் முழு எண்ணாக்கி வைத்தவை. உங்கள் ஊர்க் கூலி எதுவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் வழி மாறாது.

பீரோவும் மாடிப்படியும்

வீடு மாற்றும்போது ஒரு இரும்பு பீரோவை இறக்க வேண்டும் என்று வையுங்கள். தரைத்தளத்தில் வாசல் அகலமாக இருந்தால் இரண்டு பேர் பத்து நிமிடத்தில் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அதே பீரோ மூன்றாவது மாடியில், திருப்பத்தில் ஒரு ஆள்கூட நிமிர்ந்து நிற்க முடியாத படிக்கட்டுக்கு மேலே இருந்தால்? நாலு பேர், கயிறு, சுவரில் கீறல் விழாமல் இருக்கப் பழைய போர்வை, அரை நாள். பீரோவின் எடை ஒன்றுதான். கூலி ஒன்றாக இருக்காது. இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மரத்துக்கும் அதே கதைதான். ஒத்தக்கடை தாண்டி ஒரு தோட்டத்து நடுவில் தனியாக நிற்கும் வேம்பைப் பக்கம் பார்த்து, விழ வேண்டிய பக்கத்து அடியில் ஆப்பு வடிவில் வாய் வெட்டி, பின்னால் அறுத்தால் ஒரே விழுகை. பிறகு தரையில் நின்று துண்டு போட வேண்டியதுதான். அதே வேம்பு அண்ணா நகர்ப் பக்கம் ஒரு சந்தில், ஒரு புறம் வீட்டுச் சுவர், மறுபுறம் பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தலைக்கு மேலே கரண்டு லைன் என்று நின்றால், அதை விழ வைக்கவே முடியாது. கொப்பு கொப்பாக, கயிற்றில் கட்டி, உச்சியிலிருந்து அடிவரை இறக்க வேண்டும்.

ஆக, "எம்புட்டுப் பெரிய மரம்?" என்பது இரண்டாவது கேள்வி. "எங்கே நிக்குது, அது எங்கே விழலாம்?" என்பதுதான் முதல் கேள்வி.

ஒரு கொப்பின் கனம் என்ன?

ஒரு கன அடி தண்ணீர் 28 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். பச்சை மரமும் ஏறக்குறைய அதே கனம். புளி மாதிரி வைரம் பாய்ந்த மரம் அதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். தொடைத் தடிமன் உள்ள கொப்பு ஒன்று, இலையும் மிலாறும், அதாவது சின்னக் குச்சிகளும், சேர்ந்தால், இரண்டு மூன்று ஆள் எடைக்கு வந்துவிடும். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது இது தெரியவே தெரியாது.

சுற்றளவும் ஏமாற்றும். 3 அடிச் சுற்றளவு மரத்தைவிட 6 அடிச் சுற்றளவு மரம் இரண்டு மடங்கு வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஒரே நீளத்துக்கு நாலு மடங்கு மரம் அதில் இருக்கிறது. தோசையை நினைத்துப் பாருங்கள்: விட்டம் இரட்டித்தால் மாவு நாலு மடங்கு செல்லும். அடிமரமும் தோசை மேல் தோசை அடுக்கியதுதான்.

இனி கயிறு. கிணற்றில் வாளியைக் கையால் நிதானமாக விட்டால் ஒன்றும் இல்லை. தண்ணீரோடு இருக்கும் வாளியை நழுவவிட்டு நடுவில் கயிற்றைப் பிடித்துப் பாருங்கள், உள்ளங்கைத் தோல் போய்விடும். வாளியின் எடை கூடவில்லை. விழுந்த வேகத்தைக் கொஞ்ச தூரத்துக்குள் நிறுத்த வேண்டி வந்தது, அவ்வளவுதான். 50 கிலோ கொப்பு 6 அடி விழுந்து, கயிறு இறுகியபின் 1 அடிக்குள் நின்றால், அந்த ஒரு அடியில் கயிறு தாங்குவது சராசரியாக 350 கிலோ. உச்சத்தில் அதையும் தாண்டும். கயிறு மேலே ஒரு கப்பி வழியாகப் போனால், கப்பியைக் கட்டிய கிளைக்கு அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுப்பு விழும்.

அதனால்தான் கீழே கயிறு பிடிக்கும் ஆள் அதை வெறும் கையில் பிடிப்பதில்லை. அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, பட்டை உராய்வில் மெதுவாக விட்டுக்கொண்டே வருவார். கயிறு பட்டையில் "கிர்ர்" என்று உரசிக்கொண்டே வழுகும், லேசாகப் புகைவாசம் வரும், கொப்பு பூனை இறங்குவது போல இறங்கும். ஒரு சுற்றுக் குறைந்தால் ஆளையே தூக்கிவிடும். ஒரு சுற்றுக் கூடினால் கயிறு வழுகாமல் நின்று, மேலே இருப்பவரின் மரமே குலுங்கும். இந்த ஆள் "சும்மா கயிறு பிடிக்கிறவர்" என்று வீட்டுக்காரர்கள் சொல்லும்போது எனக்கு மனசு வலிக்கும். மேலே இருப்பவரின் உயிர் அந்தக் கையில்தான் இருக்கிறது.

இதுவரை பார்த்தது: மரத்தின் எடை சுற்றளவோடு வேகமாக ஏறுகிறது. அந்த எடையை விழவிட இடம் இருந்தால் வேலை சுருக்கம். இறக்க வேண்டி வந்தால் ஆளும் நாளும் கூடும். விலையில் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் பிறக்கிறது.

ஒரு நாளின் அடக்கம்

கடைக்காரர்கள் எல்லோரும் சொல்லும் சொல்தான்: அடக்க விலை. ஒரு பொருள் நம் கைக்கு வந்து சேர ஆன மொத்தச் செலவு. சோப்பு விற்பவருக்கு ஒரு சோப்பின் அடக்கம் தெரியும். நமக்கு விற்கும் பொருள் ஒரு நாள் வேலை. அதன் அடக்கம் தெரியாமல் விலை சொல்பவர்தான் நம் தொழிலில் அதிகம்.

என் குழுவில் நாலு பேர். ஏறுகிறவருக்கு 1,500. மெஷின் பிடிக்கும் எனக்கு 1,500. கீழே இருவர், தலைக்கு 900. கூலி 4,800. பெட்ரோல், அதில் கலக்கும் டூ டி ஆயில், செயின் ஆயில் 700. டீ, சாப்பாடு, போய்வரும் செலவு 500. ஆக, கண்ணுக்குத் தெரியும் செலவு 6,000.

எனக்கு நானே போட்டுக்கொண்ட 1,500-ஐக் கவனியுங்கள். "நம்ம வேலைதானே, நமக்கு எதுக்குக் கூலி, மிஞ்சுறது எல்லாம் நமக்குத்தானே" என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் முதுகு பிடித்துப் படுத்தால், அந்த இடத்துக்கு வேறு ஆளைக் கூலி கொடுத்துத்தான் கூப்பிட வேண்டும். அப்போது கணக்கு உடைந்துவிடும். உழைத்ததற்கு வருவது கூலி. தொழிலை நடத்துவதற்கும், முதல் போட்டதற்கும், இழப்பைத் தாங்குவதற்கும் வருவது லாபம். இரண்டையும் ஒரே பையில் போடக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத செலவும் உண்டு. மெஷின், கயிறு, இடுப்புப் பெல்ட், ஹெல்மெட் எல்லாம் சேர்த்து 90,000 என்றால், மூன்று வருடத்தில் மாற்ற வேண்டும், வருடத்துக்கு 30,000. இப்படித் தேய்ந்து போவதற்காக ஒதுக்குவதைத் தேய்மானம் என்கிறோம். இதுபோக, மெஷின் ரிப்பேர், புதுச் செயின், போன், வண்டிப் பராமரிப்பு, ஆட்களுக்கான காப்பீடு, போய்ப் பார்த்துவிட்டு வேலை கிடைக்காமல் திரும்பிய பயணங்கள் எல்லாம் வருடத்துக்கு 90,000. இரண்டும் சேர்ந்து 1,20,000. இதை ஒரு நாளுக்கு எத்தனை என்று எப்படிப் பிரிப்பது? பெரிய குழி இங்கேதான் இருக்கிறது.

சமையல்காரரின் முகூர்த்த நாள்

கல்யாணச் சமையல்காரரைப் பாருங்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லை, மார்கழியில் இல்லை. மற்ற மாதங்களிலும் எல்லா நாளும் இல்லை. ஆனால் அவர் வீட்டில் 365 நாளும் அடுப்பு எரிய வேண்டும். வேலை உள்ள நாள்தான் வேலை இல்லாத நாளையும் சுமக்கிறது. அவர் கூலியைக் கேட்டு "ஒரு நாளைக்கு இம்புட்டா?" என்று வாய் பிளப்பவர்கள் இதை நினைப்பதில்லை.

எங்களுக்கும் அப்படித்தான். ஆடிக் காற்றில் உச்சிக் கொப்பில் ஆளை நிறுத்த முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பட்டை வழுக்கும். லைன் பக்கத்தில் மரம் என்றால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் லைனை ஆஃப் செய்து தரும் நாள்வரை காத்திருக்க வேண்டும். 11 கே.வி. லைனைத் தொட வேண்டியதே இல்லை, நெருங்கினாலே போதும், உயிர் போகும். காத்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் வாரம் ஆளும் வராது, வண்டியும் ஊருக்குள் நுழையாது. பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்த நாள் ஜல்லிக்கட்டு. அந்த மூன்று நாளும் எங்கள் ஏறுகிறவரை எந்தக் கூலி கொடுத்தும் மரத்தில் ஏற்ற முடியாது. ஏற்றவும் கூடாது, மனசு வேறெங்கோ இருக்கும்.

என் நோட்டைப் புரட்டினால் வருடத்துக்கு 150 நாள் போல்தான் காசு தரும் வேலை வருகிறது. 1,20,000-ஐ 150-ஆல் வகுத்தால் நாளுக்கு 800. கண்ணுக்குத் தெரியும் 6,000-த்தோடு சேர்த்தால் 6,800. இதுதான் என் குழுவின் ஒரு நாள் அடக்கம்.

இதையே ஒருவர் "வருஷத்துக்கு 300 நாள் வேலை" என்று நம்பி வகுத்தால் நாளுக்கு 400 தான் போடுவார். 150 நாள்தான் வேலை நடந்தது என்றால், வருடக் கடைசியில் 60,000 குறையும். மெஷின் ரிப்பேருக்கு வந்த அன்று கடன் வாங்குவார். காசு எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அது அவர் கைக்கு வரவே இல்லை.

சுருக்கமாக: கூலி, எரிபொருள், சாப்பாடு, தேய்மானம், வருடச் செலவின் பங்கு எல்லாம் சேர்ந்தது ஒரு நாள் அடக்கம். வருடச் செலவை உண்மையில் வேலை நடந்த நாட்களால் வகுக்க வேண்டும், காலண்டர் நாட்களால் அல்ல.

இருபது சதவீதத்தில் ஒரு பள்ளம்

அடக்கம் 6,800. அதற்கு மேல் 20 சதவீத லாபம் வேண்டும். எத்தனை சொல்ல வேண்டும்? பத்துப் பேரிடம் கேட்டால் பெரும்பாலும் "6,800-ல 20 சதவீதம் 1,360, ஆக 8,160" என்பார்கள். ஆனால் 8,160 ரூபாய் கைக்கு வரும்போது அதில் லாபம் எத்தனை பங்கு? 17 சதவீதம்கூட இல்லை.

வருகிற ஒவ்வொரு 100 ரூபாயிலும் 20 ரூபாய் லாபமாக நிற்க வேண்டும் என்றால், அடக்கம் அந்த நூற்றில் 80 ஆக இருக்க வேண்டும். 6,800-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும். 8,500 வரும். இரண்டுக்கும் வித்தியாசம் 340 ரூபாய்தான். 150 நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள், 51,000.

பேரம் பேசும்போது இது இன்னும் கடிக்கும். 8,160 சொன்ன பையனிடம் வீட்டுக்காரர் "இருபது பர்சென்ட் குறைச்சுக்கப்பா" என்கிறார். லாபம்தானே போகிறது, அடக்கம் வந்துவிடும் என்று அவனும் தலையாட்டுகிறான். 8,160-ல் 20 சதவீதம் போனால் 6,528. அடக்கத்துக்கும் கீழே 272 ரூபாய். அன்று அவன் தன் காசைப் போட்டு அடுத்தவர் மரத்தை வெட்டுகிறான்.

வாகை மரத்தடியில்

இதைக் கணக்காக மட்டும் நான் பார்ப்பதில்லை. தொழிலுக்கு வந்த நாலாவது வருடம், ஒரு தூங்குமூஞ்சி வாகையை ஒரு நாள் வேலை என்று பேசிவிட்டோம். குறைத்துச் சொன்னது நாங்கள்தான், யாரும் எங்களை வற்புறுத்தவில்லை. மத்தியானம் மூன்று மணிக்குப் பாதி மரம் நின்றது. மறுநாள் வந்தால் கூலி எங்கள் கையைக் கடிக்கும். ஏறியிருந்த அண்ணன் ஒவ்வொரு கொப்புக்கும் பெல்ட்டை அவிழ்த்து மாட்டுவதை நிறுத்திவிட்டார். மாட்டினால் ஒவ்வொரு தடவையும் மூன்று நாலு நிமிடம் போகும். பக்கக் கொப்பு ஒன்று அறுபடும்போது முறுக்கி அடித்தது. பதினெட்டு அடி உயரத்திலிருந்து விழுந்தார். உயிர் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே முன்பு போல இல்லை.

அந்த மூன்று நாலு நிமிடங்களை நாங்கள் விலையில் வாங்கி வைக்கவில்லை. நாள் கணக்கில் நிதானத்துக்கும் இடம் போட வேண்டும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். இப்போது ஒரு மரம் ஒன்றரை நாள் என்று தோன்றினால் இரண்டு நாள் என்றே எழுதுகிறேன். ஆட்கள் எல்லோருக்கும் விபத்துக் காப்பீடு போடச் சொல்கிறேன். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்துக்கு வருடம் 20 ரூபாய்தான், வங்கிக் கணக்கு இருந்தால் போதும், 18 வயதிலிருந்து 70 வரை சேரலாம், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். அது போதாது என்பது எனக்கும் தெரியும். அதையாவது இன்றே போடுங்கள்.

நேரில் பார்ப்பது

வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி விலை கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒரு தடவை அப்படி ஒரு புளிக்கு விலை சொல்லிவிட்டேன். போட்டோவில் மரம் நன்றாகத் தெரிந்தது. காம்பவுண்டுக்கு உள்ளே மரத்தடியிலேயே செப்டிக் டேங்க் மூடி இருந்தது தெரியவில்லை. அந்த மூடி மேல் ஒரு கட்டையைப் போட முடியவில்லை, எல்லாவற்றையும் கயிற்றில் இறக்கினோம். வாசலில் டாட்டா ஏஸ் திரும்பவில்லை, ஒவ்வொரு துண்டையும் தெருமுனைவரை தோளில் சுமந்தோம். ஒரு நாள் என்று சொன்னது மூன்று நாள் ஆனது. வாக்குக் கொடுத்ததால் அதே விலைக்கு முடித்துக் கொடுத்தேன்.

இப்போது நேரில் போனால் முதலில் மேலே பார்ப்பதில்லை, அடியைப் பார்ப்பேன். தூரில் காளான் பூத்திருந்தால் உள்ளே மக்குகிறது என்று பொருள். அரிவாளைத் திருப்பி அதன் முதுகால் அடிமரத்தைச் சுற்றித் தட்டுவேன். உரமான மரம் "டக் டக்" என்று வெட்டிப் பேசும். பொந்து உள்ள இடத்தில் "பொத்" என்று அமுங்கும். அந்தச் சத்தம் கேட்ட மரத்தில் ஆளை ஏற்றலாமா, கிரேன் வேண்டுமா என்பது அங்கேயே முடிவாகும், விலையும் மாறும். முருங்கையாக இருந்தால் தட்டவே வேண்டாம். அது எத்தனை தடிமனாக இருந்தாலும் ஆளைத் தாங்காமல் முறியும்.

பிறகு மரத்தின் உச்சிக் கனம் எந்தப் பக்கம் சாய்கிறது, கவட்டையில் கரையான் புற்று இருக்கிறதா, கடந்தைக் குளவிக் கூடு இருக்கிறதா, லைன் எத்தனை அடி தள்ளி, வண்டி எங்கே நிற்கும், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசியாகிவிட்டதா. வெட்ட வேண்டாத மரமும் உண்டு. இரண்டு கொப்பைக் கழித்தால் லைனும் தப்பும், மரமும் தப்பும். அதைச் சொல்லிவிட்டு வருவதற்கும் நேரம் போகிறது, ஆகவே பார்க்க வருவதற்கு ஒரு சின்னத் தொகை வாங்குகிறேன். வேலை கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்வேன்.

மரம் யாருடையது என்பதையும் அன்றே கேட்டுவிட வேண்டும். வாசலுக்கு எதிரே தெருவில் நிற்கும் மரம் வீட்டுக்காரருடையது இல்லை. அதிகாரிகளின் அனுமதிக் காகிதம் இல்லாமல் அதில் அரிவாளை வைக்காதீர்கள். சந்தனம் சொந்தப் பட்டாவில் நின்றாலும் வனத்துறை அனுமதி வேண்டும்.

"மரத்தை எடுத்துக்க, கூலி எதுக்கு?"

கட்டைக்கு விலை உண்டுதான். அந்த விலையைத் தனியாகப் போட வேண்டும், கூலியோடு குழப்பக் கூடாது.

மரக்கடையில் கால் சுற்றளவுக் கணக்கு வைப்பார்கள். சுற்றளவில் நாலில் ஒரு பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. 6 அடிச் சுற்றளவு, 8 அடி நீளம் என்றால், ஒன்றரைப் பெருக்கல் ஒன்றரை 2.25, அதை 8-ஆல் பெருக்கினால் 18 கன அடி. உருண்டையின் முழுக் கொள்ளளவு பார்த்தால் 23 கன அடிக்குக் கிட்ட வரும். வியாபாரி ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். உருண்டையைச் சதுரமாக அறுக்கும்போது போகும் கழிவுக்கு அந்தக் கணக்கிலேயே இடம் விட்டிருக்கிறது, ஊரறிந்த வழக்கம் அது.

கன அடி 300 என்றால் 5,400. மீதி விறகு ஒன்றரை டன், டன் 2,000 என்றால் 3,000. மொத்தம் 8,400. கடைக்கும் எடைமேடைக்கும் கொண்டு சேர்க்க ஏற்றுகூலி, வண்டி என்று 2,400 போனால் கையில் 6,000. வீட்டு மரத்தில் இன்னொரு வம்பு: கொடிக்கம்பி கட்டியது, போர்டு அடித்த ஆணி, எல்லாம் பட்டைக்குள் மூடிக் கிடக்கும். அறுவை மில்லில் வாள் பல் போய்விடும் என்று விலையைக் குறைப்பார்கள், வேண்டாம் என்றும் சொல்வார்கள். ஆக, நம்பி எண்ணக்கூடிய காசு இல்லை அது. தேக்கு போன்ற மரத்துக்கு நிலைமை வேறு. அங்கே கட்டையின் விலை கூலியை மீறலாம், நாம் வீட்டுக்காரருக்குக் காசு கொடுக்க வேண்டியும் வரும். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஒரு வேம்பு, இரண்டு விலை

6 அடிச் சுற்றளவு வேம்பு, தோட்டத்தில் தனியாக நிற்கிறது. தள்ளித் துண்டு போட ஒரு நாள். கட்டை, தழை எல்லாம் அங்கேயே கிடக்கும். அடக்கம் 6,800, விலை 8,500. தீர்ந்தது.

அதே வேம்பு சந்துக்குள். இரண்டு நாள், 13,600. கயிற்றுக்குக் கூடுதலாக ஒரு ஆள், இரண்டு நாளைக்கு 1,800. இலையும் மிலாறும் எடை இல்லாவிட்டாலும் இடத்தை அடைக்கும். டாட்டா ஏஸ் 4 நடை, நடைக்கு 1,200, ஆக 4,800. கூட்டினால் 20,200.

இதோடு ஒன்று சேர வேண்டும். எத்தனை கவனமாக இருந்தாலும், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேல் செய்யும் பத்து வேலையில் ஒன்றில் ஷீட் உடைகிறது என்றும், உடைந்தால் மாற்ற 6,000 ஆகிறது என்றும் வையுங்கள். அந்த 6,000-ஐ உடைந்த அன்று தேடினால் கிடைக்காது. பத்து வேலையிலும் 600 வீதம் ஒதுக்கியிருந்தால் கையில் இருக்கும். சீட்டுக் கட்டுவது போலத்தான், யார் தவணையில் விழும் என்று தெரியாது, எல்லோரும் கட்டிவிடுகிறோம். இதை இடர் ஒதுக்கீடு என்று என் நோட்டில் எழுதுவேன். 20,200-ம் 600-ம் 20,800. அதை 0.8-ஆல் வகுத்தால் 26,000.

மரம் அதே மரம். 8,500-க்கும் 26,000-க்கும் நடுவில் இருப்பது சுவர், கூரை, லைன், சந்து.

தூர் எடுப்பது இதில் சேரவில்லை. தரையோடு அறுப்பதா, முழங்கால் உயரத்தில் விடுவதா என்பதை முன்பே எழுதிவிடுங்கள். தரையில் செயின் மண்ணைத் தொட்டால் கண் இமைக்கும் நேரத்தில் மழுங்கிவிடும். வேரோடு எடுக்க ஜேசிபி வேண்டும், அது மணிக்கணக்கு. அஸ்திவாரமும் தண்ணீர்க் குழாயும் பக்கத்தில் இருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

"பாதி விலைக்கு ஒருத்தர் வெட்டித் தர்றாராம்"

இதைக் கேட்டதும் பதறி விலையைக் குறைப்பவர்கள்தான் அதிகம். நான் விலையைக் குறைப்பதில்லை, வேலையைக் குறைக்கலாமா என்று கேட்பேன். 26,000 எப்படி வந்தது என்று நோட்டைத் திறந்து வரி வரியாகக் காட்டினால், எந்த வரியை வீட்டுக்காரரே எடுத்துக்கொள்ள முடியும் என்று அவருக்கே தெரியும். ஆள் கூலி, கயிற்று ஆள், இடர் ஒதுக்கீடு இந்த மூன்று வரியில் மட்டும் நான் கை வைக்க விடமாட்டேன்.

மாசி மாதத்தில் இதே போன்ற ஒரு வேம்புக்கு வீட்டம்மா நோட்டைக் கண்ணாடி போட்டுப் படித்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். விரலை ஒரு வரியில் வைத்தார்.

"இந்த நாலு நடை எதுக்குத் தம்பி?"

"தழையும் மிலாறும்மா. ஏத்தி வெளிய கொண்டுபோய்ப் போடணும்."

"வேப்பந்தழையவா? அந்தப் பக்கம் ஆடு வச்சிருக்கவங்க நாலு பேரு இருக்காங்களேப்பா. சொல்லிவிட்டா அள்ளிட்டுப் போயிருவாங்க."

3 நடை குறைந்தது, 3,600. அடக்கம் 17,200, விலை 21,500. கட்டை எனக்கு என்று பேசியதால் அதில் 6,000 கழிந்து, 15,500-க்கு முடிந்தது. முன்பணம் 5,000 வாங்கி, என்ன செய்வோம், என்ன செய்யமாட்டோம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

வேலை அன்று காலையில் அந்த அம்மா மரத்தடியில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, சூடம் ஏற்றி, கொஞ்ச நேரம் கையை அடிமரத்தில் வைத்துக்கொண்டு நின்றார். பத்து மணிக்கு முதல் கொப்பு இறங்கியது. அதற்குள் வாசலில் இரண்டு பெண்கள், ஒரு சைக்கிள், பின்னாலேயே ஐந்து ஆடுகள்.